டெலீட் பண்ணியாச்சு... ஆனால் அந்த நம்பர் போய்விட்டதா?

‘என் போன் நம்பரை உங்க லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க’ என்று ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார். டெவலப்பர் டெலீட் கட்டளை கொடுக்கிறார். ஒரு ரோ நீக்கப்பட்டதாக சர்வர் சொல்கிறது. தேடிப் பார்த்தால் நம்பர் இல்லை. வேலை முடிந்ததா? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸாக இருந்தால், அனேகமாக இன்னும் முடியவில்லை.

போஸ்ட்கிரெஸ் தன் டேட்டாவை வழக்கமாக 8,192 பைட் கொண்ட பக்கங்களாக டிஸ்க்கில் வைக்கிறது. அதில் ஒவ்வொரு ரோவின் தலையிலும் இரண்டு எண்கள் இருக்கும். ‘எக்ஸ்மின்’ என்பது அந்த ரோவை எழுதிய டிரான்சாக்‌ஷனின் எண். ‘எக்ஸ்மேக்ஸ்’ என்பது அதை நீக்கிய டிரான்சாக்‌ஷனின் எண். டெலீட் என்றால் ரப்பர் வைத்து அழிப்பதில்லை. எக்ஸ்மேக்ஸில் ஒரு எண்ணைக் குறித்து வைப்பது, அவ்வளவுதான். அப்டேட்டும் அப்படியே. பழைய ரோ இருந்த இடத்திலேயே கிடக்கும். புதியது வேறு இடத்தில் எழுதப்படும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? ஒருவர் பெரிய ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே ரோவை மாற்றலாம். முதலாமவர் காத்திருக்காமல் பழையதைப் படித்து முடிக்க வேண்டுமே!

உள்ளே எட்டிப் பார்ப்பது எப்படி?

செலக்ட் கட்டளை காட்டுவது, சர்வர் வடிகட்டித் தரும் காட்சி. டேபிள் ஏன் வீங்குகிறது, ஒரு பக்கம் ஏன் கெட்டுப்போனது என்று துப்பறிய அது போதாது. ரோ உள்ளே எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அச்சிட்டுப் பார்க்க வேண்டும். ‘பேஜ்இன்ஸ்பெக்ட்’ என்ற எக்ஸ்டென்ஷன் அதைச் செய்கிறது. சூப்பர்யூசருக்கு மட்டுமே அனுமதி. பக்க எண்ணைக் கொடுத்தால், உயிருள்ள ரோ, செத்த ரோ எல்லாமே ஹெக்ஸ் எண்களாக வந்து விழும்.

பார்த்தால் கிறுக்கல் மாதிரி இருக்கும். ஆனால் படிக்க முடியும். போன் நம்பரை டெக்ஸ்ட்டாக வைத்திருந்தால், 98400 என்பது 3938343030 என்று தெரியும். ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் 3-ஐத் தூக்கிவிடுங்கள், நம்பர் கையில். தமிழ்ப் பெயர் என்றால் கொஞ்சம் கஷ்டம்: யுடிஎஃப்-8 முறையில் ‘மாலா’ 12 பைட் பிடிக்கும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ்மேக்ஸில் எண் இருந்தாலே அந்த ரோ செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நீக்க வந்த டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆகியிருக்கலாம்; யாரோ ரோவை லாக் மட்டும் செய்திருக்கலாம். பக்கத்திலேயே இருக்கும் கொடி பிட்களையும் சேர்த்துப் படிக்காமல் முடிவுக்கு வந்தால், இல்லாத பக் ஒன்றை நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

செத்த ரோக்களைக் கூட்டித் தள்ளுவது ‘வேக்கம்’. பத்து லட்சம் ரோ உள்ள டேபிளில், டீஃபால்ட் செட்டிங்கில் சுமார் இரண்டு லட்சம் ரோ செத்த பிறகுதான் அது தானாகக் கிளம்பும். அப்போதும் இடத்தை மறுபடி பயன்படுத்த விடுகிறதே தவிர, பழைய பைட்களைக் கழுவிவிடும் என்று உறுதியில்லை.

சர்வரே அச்சிட்டால்?

2012-ல் வந்த 9.2 பதிப்பிலிருந்து, விதியை மீறும் ரோவை எரர் மெசேஜிலேயே போஸ்ட்கிரெஸ் காட்டத் தொடங்கியது. டீபக் செய்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பார்க்க அனுமதி இல்லாத காலத்தின் மதிப்பும் அதே மெசேஜில் வெளியே வந்தது. சிவிஇ-2014-8161 என்று பதிவான இந்த ஓட்டை, 2015 பிப்ரவரியில் அடைக்கப்பட்டது.

அனுமதி உள்ளவர் தவறு செய்தால் இன்றும் அந்த ரோ சர்வர் லாகில் பதிவாகும். டேட்டாபேஸுக்குப் பத்துப் பூட்டு போடும் கம்பெனிகள்கூட லாக் ஃபைலை சாட்டில் சர்வசாதாரணமாக அனுப்பிக்கொள்வதுதான் விசித்திரம். ‘லாக் எரர் வெர்பாசிட்டி’ செட்டிங்கை ‘டெர்ஸ்’ என்று வைத்தால், லாகில் அந்த விவரப் பகுதி வராது. டீபக் செய்வது அந்த அளவுக்குச் சிரமமாகும்.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தன் தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. அந்த வாடிக்கையாளருக்கு ‘எடுத்தாச்சு சார்’ என்று பதில் போடும் முன், டெவலப்பர் பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன: வேக்கம் ஓடியதா, லாகில் அந்த நம்பர் இருக்கிறதா, நேற்று ராத்திரி எடுத்த பேக்கப் எங்கே இருக்கிறது?