நிலப்பயன் மாற்றமும் பஞ்சமி நிலமும்: ஆட்சேபிக்க வேண்டிய நேரம் எது?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தாமல் போன்ற ஊர்களில் விளைநிலம் மனைப்பிரிவாகவோ கிடங்காகவோ மாறுவதற்கு முன் ஒரு கோப்பு நகர்ந்தாக வேண்டும். அதுவே நிலப்பயன் மாற்றக் கோப்பு. சேரி மக்களுக்கு அச்செய்தி எட்டுவதோ, பெரும்பாலும் எல்லைக்கல் நடப்பட்ட பிறகுதான்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இதற்கு மூன்று வழிகளை வைத்திருக்கிறது. முழுமைத் திட்டம் நடைமுறையில் உள்ள பகுதியில், பிரிவு 32(4)-இன் கீழ் அத்திட்டமே திருத்தப்படுகிறது. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள ஊர்களுக்குப் பிரிவு 47-அ-வும் 2017-ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். மூன்றாவது, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சட்டத்திலிருந்தே விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு 113.

இம்மூன்றில் எதுவும் நிலத்தின் உரிமையைத் தீர்மானிப்பதில்லை. ஒரு நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது ஒரு கேள்வி. அது யாருடையது என்பது வேறு கேள்வி. இந்த வேறுபாட்டில்தான் நம் மக்களின் வழக்கு நிற்கிறது.

காஞ்சிபுரம் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்க ஆணை பிறந்தது. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ மாற்றவோ கூடாது; அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம்; மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம் என்பன அதன் நிபந்தனைகள். விளைநிலம் வணிக நிலமானாலும் இந்நிபந்தனைகள் கரைந்துவிடுவதில்லை.

நடைமுறையில் விண்ணப்பதாரர் காட்டுவது இன்றைய பட்டாவை. யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல ஊர்களில் பஞ்சமி நிலங்கள் பிறர் பெயருக்கு மாறின. ஆகவே இன்றைய பட்டாவை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு நிலத்தின் பழைய நிபந்தனை தெரியாமற்போகலாம். அதை எடுத்துக்காட்டும் பொறுப்பு நம்முடையது.

எனவே நாம் செய்யக்கூடியவை மூன்று. ஊரின் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்று, புல எண் வாரியாக ஒப்பிட்டு வைத்திருப்பது முதல் வேலை. நிலப்பயன் மாற்றம் குறித்த அறிவிப்பு நாளிதழில் வந்தவுடன், குறித்த நாட்களுக்குள் அப்பதிவேட்டு நகலுடன் எழுத்து மூலம் ஆட்சேபித்து ஒப்புகை பெறுவது அடுத்தது. அதே மனுவை மாவட்ட ஆட்சியருக்கும் அளித்து, நிலத்தை மீட்கக் கோருவது மூன்றாவது. கட்டடம் எழுந்த பின் தொடரும் வழக்கைவிட, கோப்பு நகரும்போதே தரும் ஒருபக்க மனு வலிமையானது.

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். அவர்கள் உயிர் கொடுத்துக் கேட்ட நிலம், நாம் படிக்காமல் விட்ட ஓர் அறிவிப்பால் கைமாறிவிடக் கூடாது.