சேமித்த தகவலை மீட்கையில் நேரும் பிழைகள்

மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 1988-ஆம் ஆண்டில் புனேயில் நிறுவப்பெற்றது. அதன் அங்கீகாரம் பெற்ற கணிப்பொறிப் பயிற்சி நிலையம் ஒன்று அந்நகரை அடுத்த ஆகுர்டியில் இயங்குகிறது. அத்தகைய நிலையங்களில் கற்பிக்கப்பெறும் ஜாவா மொழியில், தகவலைச் சேமிக்கும் முறை ஒன்று 1997 முதல் இருந்து வருகிறது.

கணிப்பொறியின் நினைவகத்திலுள்ள தகவல், மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும். ஒரு மழைமானி நிலையத்தின் பெயர், நாள், மழையளவு ஆகியவை சேர்ந்த தொகுதியைக் கோப்பில் வைக்க வேண்டுமாயின், அதனைப் பைட்டுகளின் தொடராக மாற்றுதல் வேண்டும். இதுவே தொடராக்கம் எனப்படும். தொடரிலிருந்து தொகுதியைத் திரும்பப் பெறுவது மீட்பு ஆகும்.

மீட்பு தவறுவதற்குக் காரணங்கள் பல. ஜாவா எழுதும் தொடர் 172, 237 என்னும் இரு பைட்டுகளுடன் தொடங்கும். அவை மாறியிருப்பின் கோப்பு பழுதுற்றது, அல்லது வேறு வகையினது. எழுதும்போதே மின்சாரம் தடைப்பட்டால் தொடர் பாதியில் முடிந்துவிடும். நிரலில் தொகுதியின் அமைப்பு பின்னர் மாற்றப்பட்டால், பழைய கோப்பின் பதிப்பெண் புதியதனுடன் பொருந்தாமற் போகலாம். இவை ஒவ்வொன்றுக்கும் ஜாவா தனித்தனிப் பிழையறிவிப்புத் தருகிறது.

அவ்வறிவிப்பைப் புறக்கணிப்பதே பெருங்கேடு. மீட்பு தவறியதும் வெறுந்தொகுதி ஒன்றைப் படைத்துக்கொண்டு மேலே செல்லும் நிரல்கள் உண்டு. வேலை முடிவில் அவை அவ்வெறுந்தொகுதியைப் பழைய கோப்பின் மீதே எழுதிவிடும். பதிப்பு வேறுபாட்டால் மட்டும் படிக்க இயலாதிருந்த கோப்பு, சிதையாத பல ஆண்டு அளவீடுகளுடன் அழிந்துபோகும். பிழை செய்யாத சேதத்தை, பிழையை மறைத்த நிரல் செய்துவிடுகிறது.

இதனைத் தவிர்க்கும் வழி எளியது. புதிய தொடரை முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதுக. அது முழுமையாகத் தட்டிற் பதிந்ததை உறுதி செய்து, மீண்டும் படித்துச் சரிபார்த்த பின்னரே பழைய கோப்பின் பெயரை அதற்கு இடுக. பழைய கோப்பின் நகலொன்றையும் காத்து வைத்தல் நன்று. மீட்பு தவறினால், நிரல் கோப்பைத் தொடாது நின்று, காரணத்தைப் பயனாளருக்குத் தெளிவாகக் கூறவேண்டும்.

முன்பின் அறியாத இடத்திலிருந்து வந்த தொடரை மீட்பதும் ஆபத்தானது. தீய நோக்குடன் அமைக்கப்பட்ட தொடர், படிக்கும்போதே வேண்டாத கட்டளைகளை இயக்கக்கூடும். இதனைத் தடுக்க, 2017-இல் வெளியான ஜாவா 9-ஆம் பதிப்பில் வடிகட்டி ஒன்று சேர்க்கப்பட்டது.

இந்நெறிகள் ஜாவா மொழிக்கு மட்டும் உரியன அல்ல. களப் பதிவுகளையோ மாணவர் மதிப்பெண்களையோ கணிப்பொறியில் வைத்திருப்போர் யாவரும் இவற்றைக் கைக்கொள்ளலாம்.