எந்த எஞ்சின் நல்லது? முதலில் உங்கள் நடையைச் சொல்லுங்கள்

"பிக்கப் வண்டி ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம். எந்தக் கம்பெனி எஞ்சின் மக்கர் பண்ணாம ஓடும்?" விளைபொருளை நேரடியாக விற்கத் தொடங்கியிருக்கும் உழவர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. விதையைப் பற்றியும் அமுதக்கரைசல் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிற நாம், வண்டி விஷயத்தில் மட்டும் டீக்கடைப் பேச்சை நம்பி லட்சக்கணக்கில் கடன் வாங்கிவிடுகிறோம். மல்லாங்கிணறு பக்கத்தில் ஏழு குடும்பங்கள் சேர்ந்த எங்கள் குழு, வண்டி எடுப்பதற்கு முன்னால் ரெண்டு மாதம் ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கியது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கரிசல் காட்டில் விளைகிற குதிரைவாலி, உளுந்து, மல்லி, வத்தல் எல்லாம் ரெண்டு நாள் தாமதத்தைத் தாங்கும். கிணற்றுப் பாசனத்துக் கீரையும் கத்தரியும் வெண்டையும் தாங்காது. மதுரை இயற்கை அங்காடிகளுக்கு விடியக்காலை போய்ச் சேராத கீரை, பத்து மணிக்கெல்லாம் மாட்டுக்குத்தான். கத்தரியைப் பக்கத்து கமிஷன் கடையில் இறக்கினால் மருந்தடித்த கத்தரியோடு ஒரே குவியலில் சேர்ந்துவிடும். வருசம் பூராவும் நஞ்சில்லாமல் வளர்த்த உழைப்பு, வண்டி நின்ற அந்த ஒரு காலையில் பெயரில்லாமல் போய்விடும். வாடகை வண்டியை நம்பலாம் என்றால், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிவகாசி லோடுக்குப் பல வண்டிகள் போய்விடுகின்றன. நமக்குக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வாடகை கூட.

நாலு வண்டி, நாலு குணம்

நம் பக்கத்து ரோட்டில் அதிகம் பார்க்கிற வண்டிகளை எடுத்துக்கொள்வோம்.

டாடா ஏஸ் 2005இல் வந்தது. ரெண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். இண்டிகா காரின் நாலு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கியது போன்ற அமைப்பு. பழைய ஏஸில் டர்போ இல்லை, சிக்கலான மின்னணு இல்லை. முக்கால் டன்னுக்குச் செய்த வண்டி அது. அதில் ஒன்றரை டன் ஏற்றிவிட்டு "எஞ்சின் சரியில்ல" என்று சொன்னால் எஞ்சின் என்ன செய்யும்?

அசோக் லேலண்ட் தோஸ்த் 2011இல் ஓசூரிலிருந்து வந்தது. மூணு சிலிண்டர், 1478 சி.சி., டர்போ, காமன்ரெயில். ஒண்ணேகால் டன் சுமக்கும்.

மகிந்திரா பொலேரோ பிக்கப் நாலு சிலிண்டர், 2523 சி.சி. பி.எஸ். 6 வண்டியில் 75 குதிரைத்திறன். டாடா 207 டி.ஐ. அதைவிடப் பெரிய எஞ்சின்: நாலு சிலிண்டர், 2956 சி.சி. பழைய வண்டிச் சந்தையில் இன்றும் கைமாறுகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பொலேரோ பிக்கப் ஒரு லிட்டர் எஞ்சின் அளவுக்குச் சுமார் 30 குதிரைத்திறன் எடுக்கிறது. 70 குதிரைத்திறன் தரும் பி.எஸ். 6 தோஸ்த் லிட்டருக்குச் சுமார் 47 எடுக்கிறது. பெரிய எஞ்சின் நிதானமாக இழுக்கும் மாடு மாதிரி. மேடு பள்ளத்தில், மெதுவான ஓட்டத்தில் அதற்குத் திணறல் குறைவு. சின்ன எஞ்சின் அதே வேலைக்கு அதிகம் முறுக்க வேண்டும். ஆனால் பாரம் குறைவாக இருந்து ரோடும் நன்றாக இருந்தால், சின்ன எஞ்சினில் டீசல் மிச்சம். இதில் உசத்தி தாழ்த்தி இல்லை. எந்த வேலைக்கு எது என்பதுதான் பேச்சு.

விருதுநகரில் முப்பது வருசமாக ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் "எது நல்லதுண்ணே?" என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "தம்பி, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிப்பீக? ஒரு நடை எவ்வளவு தூரம்?" அந்தக் கேள்வியின் அருமை பி.எஸ். 6 பற்றித் தெரிந்துகொண்டபோதுதான் முழுசாகப் புரிந்தது.

பி.எஸ். 6 வந்தபின் மாறியது

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6. டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. பெரும்பாலான டீசல் வண்டிகளின் புகைவழியில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று வந்துவிட்டது. டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு தேவை. நாலுவழிச் சாலையில் சீரான வேகத்தில் கால் மணி, இருபது நிமிடம் ஓடினால் அந்தச் சூடு வரும்.

காட்டிலிருந்து ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர், நிறுத்து, மறுபடி ஒரு கிலோமீட்டர், நிறுத்து என்று ஓட்டினால் வராது. கரி சேரும், எச்சரிக்கை விளக்கு எரியும். வண்டி கரியை எரிக்க கூடுதல் டீசலைப் பீச்சும். பாதியில் சாவியை அணைத்தால் அந்த டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் போய்ச் சேரும். ஆயில் அளவு காட்டும் கம்பியில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோசப்படாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். இது எந்தக் கம்பெனி வண்டிக்கும் பொருந்தும்.

"அந்த பில்டரைக் கழட்டி வீசிரலாம்" என்று சொல்கிற ஷெட்டுகளும் உண்டு. அது சட்டப்படி குற்றம். அதைவிட, வயலில் நஞ்சு வேண்டாம் என்று சொல்கிற நாம் சந்தைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் கரியை ஊதிவிட்டுப் போகலாமா?

இன்னொரு வேடிக்கை. சில வண்டிகளில் புகையைச் சுத்தமாக்க யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். வயலில் யூரியாவைக் கைவிட்டவர் வண்டிக்கு வாங்க வேண்டியிருக்கிறது! அது 32.5 சதவீதக் கரைசல், உப்பு நீக்கிய தண்ணீரில் செய்தது. பக்கத்து வீட்டு மூட்டையிலிருந்து ஒரு கை யூரியாவைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அது வேப்பெண்ணெய் பூசிய யூரியா. வண்டியில் படிந்து பெரிய செலவு வைக்கும்.

புங்க எண்ணெய் ஊற்றலாமா?

தற்சார்பில் நாட்டமுள்ள நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி பழசுதான், 1900இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் காமன்ரெயில் எஞ்சினில் டீசல் 1,400 பாருக்கு மேலான அழுத்தத்தில் ஊசிமுனைத் துளைகள் வழியாகப் பாய்கிறது. கெட்டியான பச்சை எண்ணெய் அங்கே கசடு கட்டும். கம்பெனி அனுமதிக்காத எதையும் ஊற்ற வேண்டாம்.

நம்ம ஊர் எமன்கள்

ஷெட்டுகளில் எஞ்சின் பிரித்துக் கிடந்த வண்டிகளின் கதையைக் கேட்டபோது, கம்பெனி பெயரைவிட அதிகம் காதில் விழுந்தவை மூன்று.

முதலாவது தண்ணீர். எங்கள் பக்கம் பல போர்களில் உப்புத் தண்ணீர்தான். ரேடியேட்டர் குறைந்தால் அதையே ஊற்றுகிறார்கள். உள்ளே உப்புப் படிந்து, சூடு ஏறி, ஹெட் கேஸ்கெட் போகும். எங்களுக்கு முன்பு வாடகைக்கு ஓடிய வண்டி ஒன்று இப்படித்தான் கத்தரி மூட்டைகளோடு காரியாபட்டிக்கு அப்பால் நின்றது. கூலன்ட்டும் உப்பு நீக்கிய தண்ணீரும் கலந்த கேன் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது புழுதி. கோடையில் கரிசல் புழுதி மாவு மாதிரி பறக்கும். ஏர் பில்டர் அடைத்தால் கறுப்புப் புகை வரும், டீசல் கூடும். பில்டர் கிழிந்தால் மண் உள்ளே போய் சிலிண்டரைத் தேய்க்கும். கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் நல்ல ரோட்டுக்கு. காட்டுப்பாதைக்கு அதில் பாதி வையுங்கள்.

மூன்றாவது பாரம். "இன்னும் நாலு மூட்டைதானே" என்று ஏற்றுவது பட்டையை மட்டும் ஒடிப்பதில்லை. கிளட்ச், எஞ்சின், பிரேக் எல்லாவற்றுக்கும் சேர்ந்து ஆயுள் குறைகிறது.

பழைய வண்டி பார்க்கிறீர்களா?

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் உங்கள் கண்முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். முன்னாடியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பின்னும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே கசியலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குப்குப்பென்று புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. வண்டி ஆறிய பிறகு ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். இருநூறு, முந்நூறு கொடுத்தாவது உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

எங்கள் பாரம் ஒரு டன்னைத் தாண்டாது. வாரம் நாலு நாள் மதுரை, பெரும்பகுதி நாலுவழிச் சாலை. அதனால் மூணு சிலிண்டர் பி.எஸ். 6 வண்டி போதும் என்று முடிவு செய்தோம். வீடுவீடாகப் போய் ஏற்றுவதை நிறுத்தினோம். அவரவர் விளைச்சலை மாட்டுவண்டியிலோ இருசக்கர வண்டியிலோ ஒரே களத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்; பிக்கப் அங்கிருந்து நேரே மதுரைக்குப் போகிறது. அந்த நீண்ட ஓட்டத்தில் வடிகட்டி தன் கரியைத் தானே எரித்துக்கொள்கிறது. இன்றுவரை அந்த விளக்கு எரியவில்லை.

பக்கத்து ஊர் நண்பர் கண்மாய் வண்டலும் தொழுஉரமும் காட்டுப்பாதையில் அடிப்பவர். அவர் நாலு சிலிண்டர் பழைய பி.எஸ். 4 வண்டி எடுத்தார். அவர் வேலைக்கு அது சரி. எங்கள் வண்டி அவருக்கு ஆகாது, அவர் வண்டி எங்களுக்கு டீசல் தண்டம்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: ஒரு நடை எத்தனை கிலோமீட்டர், எத்தனை இடத்தில் நிற்கும், அதிகபட்ச பாரம் எவ்வளவு, எந்த மாதிரி ரோடு, அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார். அந்தத் தாளை விற்பனையாளரிடமும் காட்டுங்கள், மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். ரெண்டு பேர் பதிலும் ஒத்துப்போகிற வண்டிக்கு முன்பணம் கட்டுங்கள்.