சரீரத்தினுள் நடக்கும் சம்பாஷணை



தலைநகருக்குப் பிழைப்புத் தேடி வந்த நம்மில் அநேகருக்கு, காய்ச்சலோ மூட்டு வலியோ கண்டால் மருத்துவரிடம் செல்ல நேரமிருப்பதில்லை. தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை விழுங்கிவிட்டு வேலைக்குப் புறப்படுகிறோம். சில வேளைகளில் அவற்றுள் ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். வலி மறைந்துவிடும். ஆனால் அச்சிறு மாத்திரை சரீரத்தினுள் என்ன செய்கிறது என்று நீங்கள் சிந்தித்ததுண்டா?

நரம்புகள், சுரப்பிகள், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ஆகிய மூன்றும் தனித்தனியே வேலை செய்வதாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. உண்மையிலோ அவை இரவும் பகலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. 1936-ஆம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்பவர் எலிகளைக் குளிருக்கும், காயத்துக்கும், கடும் உழைப்புக்கும் உட்படுத்திப் பார்த்தார். துன்பம் எதுவாயினும் விளைவு ஒன்றே: அட்ரீனல் சுரப்பி பெருத்தது, நோய் எதிர்ப்புக்குரிய தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் உண்டானது.

இச்சம்பாஷணை கூடும் சந்தி, மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைப்போதலாமஸ். 1951-இல் அமெரிக்காவில் எலிகளை ஆராய்ந்து, பசியைத் தூண்டும் மையம் இதில் இருப்பதைப் புரோபெக்குடன் சேர்ந்து கண்டறிந்தவர் பி. கே. ஆனந்த். பின்னர் நம் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை உருவாக்கியவரும் இவரே.

கவலையோ வியாதியோ நேரிடும்போது ஹைப்போதலாமஸ், பட்டாணி அளவேயான பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. அது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளை ஏவுகிறது. அங்கிருந்து கார்ட்டிசால் சுரந்து, இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி, வெள்ளணுக்களின் வேகத்தையும் அடக்குகிறது. வெள்ளணுக்களும் மௌனமாயிருப்பதில்லை. கிருமியைக் கண்டதும் சைட்டோகைன் என்னும் பொருட்களால் மூளைக்கு அறிவிக்கின்றன. காய்ச்சலும், சோர்வும், பசியின்மையும் அதனாலேயே வருகின்றன. ஆகவே காய்ச்சலில் எழ மனமில்லாதிருப்பது சோம்பல் அல்ல. இளைப்பாறும்படி சரீரம் கேட்கும் வேண்டுகோள்.

ஸ்டீராய்டு மாத்திரை கார்ட்டிசாலைப்போல நடிக்கும் மருந்து. அது இந்தச் சம்பாஷணையின் நடுவே புகுந்து, வெள்ளணுக்களை அடங்கச் சொல்லுகிறது. வலி நீங்குகிறது, ஆனால் கிருமி நீங்குவதில்லை.

இதன் விலையை டெல்லி 2021-இல் கண்டது. கொரோனாவின் இரண்டாம் அலையில், சர்க்கரை வியாதி கட்டுக்கடங்காதவர்களையும் ஸ்டீராய்டு மிகுதியாய் உட்கொண்டவர்களையும் கருப்புப் பூஞ்சை பிடித்தது. அநேகர் கண்ணை இழந்தனர், உயிரையும் இழந்தனர். மே மாதத்தில் டெல்லி அரசு அதைக் கொள்ளைநோயாக அறிவித்தது. ஆயினும் மருந்தின்மேல் மட்டும் பழி சுமத்தலாகாது. 2020-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணங்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயன் காணப்படவில்லை. வேளையும் அளவும் அறிந்து கொடுத்தால் உயிர் காக்கும். அறியாமல் எடுத்தால் உயிர் வாங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவரின் மூளை, கார்ட்டிசால் போதுமென்று எண்ணி ஏவுதலை நிறுத்திவிடும். அட்ரீனல் சுரப்பி உறங்கிவிடும். அப்போது மாத்திரையைத் திடீரென விட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் அதைப் படிப்படியாகக் குறைப்பதன் காரணம் இதுவே.

ஆகையால் பிரியமானவர்களே, இன்றே உங்கள் வீட்டு மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்னும் பெயர்கள் இருக்குமானால், அது யாருக்காக, யார் எழுதிக் கொடுத்தது என்று விசாரியுங்கள். மருத்துவரைக் கேளாமல் தொடங்கவும் வேண்டாம். தொடங்கியதைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்கும் இன்றிரவு தொலைபேசியில் இதைச் சொல்லுங்கள்.