பிரம்பு போயிற்று, கைபேசி வந்தது!

கீழக்கரை! வள்ளல் சீதக்காதியின் ஊர். முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்ற பழைய துறைமுகம்.

இங்கே பல வீடுகளில் குடும்பத் தலைவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். துபாயிலோ சிங்கப்பூரிலோ அவருக்குப் பிழைப்பு. முன்பெல்லாம் மகன் வகுப்பில் செய்த குறும்பு வாப்பாவுக்குத் தெரிய வேண்டுமானால், கடிதம் கப்பலேறிப் போக வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள் பையன் திருந்தியே விடுவான்!

இன்றோ, பள்ளிக்கூட மணி அடிக்குமுன் அந்தச் செய்தி வாப்பாவின் கைபேசிக்குப் போய்விட வழி பிறந்திருக்கிறது. இது நன்மையா, தீமையா?

உள்ளங்கையில் சரஸ்வதி

பிள்ளைகளின் ஒழுக்கத்துக்குக் கணக்கு வைப்பது புதிதன்று. 1823-ல் பல்லாரி கலெக்டர் காம்ப்பெல், நாட்டுப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவனுக்குப் பூஜ்யம்; புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. பிந்தி வர வர அடியும் ஏறும்!

அதற்கு முன்பே, 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் பாதிரியார். பெரிய பிள்ளைகளைக் கொண்டு சிறியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். குற்றங்களைக் 'கறுப்புப் புத்தகம்' ஒன்றில் பதிந்து வைப்பார்கள். வாரந்தோறும் விசாரணை நடக்கும். தீர்ப்புச் சொல்வோர் யார் தெரியுமா? சக மாணவர்களே! 1797-ல் அவர் எழுதிய நூலின் மூலம் இம்முறை 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்திலும் பரவியது.

புதிய சட்டாம்பிள்ளை

அந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளைதான் 2011-ல் அமெரிக்காவில் தோன்றிய 'கிளாஸ்டோஜோ' என்ற செயலி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேடிக்கைப் பொம்மை உருவம். நண்பனுக்கு உதவினால் ஒரு புள்ளி கூடும். ஆசிரியர் விரும்பினால், வம்பு செய்தவனுக்குப் புள்ளியைக் குறைக்கலாம். விவரத்தைப் பெற்றோரும் பார்க்கலாம். பல நாடுகளில் இது பரவியிருக்கிறது.

எதிர்ப்பும் கிளம்பியது. "ஏழு வயதில் செய்த குறும்பு எத்தனை காலம் ஏட்டில் நிற்கும்?" என்று பெற்றோர் கேட்டார்கள். ஒழுக்கப் பதிவுகளை ஓராண்டுக்கு மேல் வைப்பதில்லை என்று 2014-ல் அந்த நிறுவனம் அறிவித்தது.

தமிழ்நாட்டிலும் கருவிகள் வகுப்பறைக்குள் புகுந்துவிட்டன. 2018 டிசம்பரில் சென்னை அசோக் நகர் அரசு பெண்கள் பள்ளியில், முகத்தைப் பார்த்து வருகை பதியும் முறை சோதனையாகத் தொடங்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. வகுப்பே பார்க்கப் பலகையில் ஒரு சிறுவனின் புள்ளி குறைந்துகொண்டே போனால், அவன் மனம் என்ன பாடுபடும்? பிரம்படித் தழும்பு மறையும், இது மறையுமா?

2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதற்குத் தடை விதிக்கிறது. ஆயினும் 2025 நவம்பரில் வெளியான விதிகள், கல்விக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் பள்ளிகளுக்கு விலக்கு அளித்திருக்கின்றன. ஆகவே பொறுப்பு ஆசிரியரிடமும் பெற்றோரிடமுமே வந்து நிற்கிறது.

பற்று வரவு அல்ல

கருவியால் பயன் இல்லாமல் இல்லை. கடைசி பெஞ்சில் வாய் திறவாமல் இருக்கும் பெண் இன்று கை தூக்கிக் கேள்வி கேட்டாள் என்ற செய்தி கடல் கடந்து போனால், வாப்பாவின் உள்ளம் குளிராதா? நல்ல செய்தி உடனே போகட்டும். குற்றச் செய்தியை ஆசிரியர் முதலில் பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசிவிட்டு, பிறகு வீட்டுக்குச் சொல்லட்டும்.

பசியோடு வந்த பிள்ளையும் வகுப்பில் முரண்டு பிடிக்கும். செயலிக்குத் தெரிவது முரண்டு. பசியைக் கண்டுபிடிக்க ஆசிரியரின் கண் வேண்டும்.

வணிகம் செய்து வளர்ந்த கீழக்கரைக்குக் கணக்கின் அருமை தெரியும். ஆனால் பிள்ளையின் ஒழுக்கம் பற்று வரவுக் கணக்கு அல்ல. புள்ளி குறைந்த செய்தி வந்ததும், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று தொலைபேசியில் சீறுவதற்கு முன், "என்னம்மா நடந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பாதிக் குறும்பு அங்கேயே அடங்கிவிடும்!