முப்பரிமாண உருவங்களின் சந்தை

சேலை ஒன்றை விற்றால் அது தறியை விட்டுப் போய்விடுகிறது. மறுபடி விற்பதற்கு மறுபடி நெய்தாக வேண்டும். ஒரு முறை செய்த பொருளையே ஆயிரம் பேருக்கு விற்கும் சந்தையொன்று இந்நாளில் இணையத்தில் நடைபெற்று வருகிறது. நாற்காலி, மரம், மோட்டார் வண்டி முதலியவற்றை நீளம், அகலம், உயரத்துடன் கம்ப்யூட்டரில் உருவாக்கி, சினிமா எடுப்போருக்கும் கட்டட நிபுணருக்கும் விற்கின்றனர். வாங்குவோர் பெறுவது பெரும்பாலும் உபயோகிக்கும் அனுமதி மட்டுமே.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2000-ல் டர்போஸ்குவிட் தோன்றியது. லிதுவேனியாவில் 2011-ல் சிஜிடிரேடர். பாரிஸில் 2012-ல் ஸ்கெட்ச்ஃபேப். இவை கம்பெனிகளின் சந்தைகளேயன்றி, உருவம் செய்வோரின் சங்கங்கள் அல்ல. 2021-ல் டர்போஸ்குவிட்டை ஷட்டர்ஸ்டாக் கம்பெனி ஏழரைக் கோடி டாலருக்கு வாங்கிற்று. சரக்கைக் கொண்டுவந்து குவித்தவர்களுக்கு அவ்விற்பனையில் ஓட்டு ஏது? அதே ஆண்டில் ஸ்கெட்ச்ஃபேப்பை வாங்கிய எபிக் கம்பெனி, கமிஷனை 100-க்கு 30-லிருந்து 12 ஆகக் குறைத்தது. மகிழ வேண்டியதே. எனினும், குறைத்த கை நாளை கூட்டவும் கூடும் என்பதை மண்டிக்கு மஞ்சள் கொண்டுபோன அங்கத்தினர் எவரும் அறிவர்.

உருவம் இருந்தால் மட்டும் போதாது. அதன் மீது ஒளியும் நிழலும் படிவதைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டுப் படமாக்க வேண்டும். இதற்கு ரெண்டரிங் என்று பெயர். விநாடிக்கு 24 படம் வீதம் பத்து நிமிஷக் காட்சிக்கு 14,400 படங்கள் தேவை. ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் ஆகுமென்று வைத்துக்கொண்டால், ஒரே யந்திரம் இரவு பகலாக 100 நாள் ஓட வேண்டும். நூறு யந்திரங்கள் பகிர்ந்துகொண்டால் ஒரு நாளில் முடியும். வாடகைக்கு இவ்வேலையைச் செய்து தரும் கம்பெனிகள் பல உண்டு.

நமக்கு முக்கியமானது வேறு. பிளெண்டர் என்னும் உருவம் அமைக்கும் மென்பொருளை நடத்திய கம்பெனி 2002-ல் மூடப்பட்டது. உபயோகிப்போரும் அபிமானிகளும் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை மீட்டனர். இன்று அதை எவரும் இலவசமாகக் கையாளலாம். அதைக் கொண்டு வேலை செய்வோருக்காக ஷீப்-இட் என்றொரு ஏற்பாடும் நடக்கிறது. சும்மாயிருக்கும் தம் யந்திரத்தைப் பிறர் படத்துக்குக் கொடுத்தால் வரவில் புள்ளிகள் சேரும்; தம் படம் வரும்போது அப்புள்ளிகளுக்கேற்ப முன்னுரிமை கிடைக்கும். கைமாற்றாக நாற்று நடப் போவது போன்றதே இது. ஆனால் மின்சாரக் கட்டணம் அவரவர் வீட்டுக் கணக்கில்தான்.