தாய்ப்பாலின் பெயரில் தரப்படும் வாக்குறுதி

“நிறைய மாதம் தாய்ப்பால் கொடுத்தால் பிள்ளைக்குப் பின்னாளில் உடம்பு பெருக்காது, பி.பி. வராது.” நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பேச்சுதான். ஆனால் இதை நம்பி, நான்காம் மாதத்தில் பால் நின்றுபோன தாய் பத்து வருடம் கழித்தும் தன்னையே நொந்துகொள்கிறாள். “அதான் இரண்டு வயசு வரை கொடுத்தேனே” என்று இன்னொருத்தி அசட்டையாக இருந்துவிடுகிறாள்.

இதைச் சோதித்துப் பார்த்த நாடு பெலாரஸ். 1996, 97-ஆம் ஆண்டுகளில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கிராமர் குழுவினர் 31 மகப்பேறு மருத்துவமனைகளையும், அவற்றைச் சார்ந்த குழந்தைகள் மருத்துவ நிலையங்களையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். தாய்மார்கள் எல்லோரும் பால் கொடுக்கத் தொடங்கியவர்களே. ஒரு பிரிவில் மட்டும், பால் கொடுப்பதைத் தொடர ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து துணைநின்றார்கள். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் அங்கே 43.3 சதவீதம், மற்றதில் 6.4. முதல் வருடத்தில் வயிற்றுப்போக்கு 13.2 சதவீதத்திலிருந்து 9.1-க்கும், தோல் கரப்பான் 6.3-லிருந்து 3.3-க்கும் இறங்கின. இவை பெரிய லாபங்கள். ஆனால் அதே பிள்ளைகளை ஆறரை வயதிலும் பதினொன்றரை வயதிலும் அளந்தபோது, கூடுதல் மாதங்கள் பால் குடித்ததால் எடையும் குறையவில்லை, ரத்த அழுத்தமும் குறையவில்லை.

அப்படியானால் வேறு பல ஆய்வுகள் குறைகிறது என்கின்றனவே? பிரிட்டனில் நீண்ட நாள் பால் கொடுப்பவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியுள்ள தாய்மார்கள். அந்த வீட்டுச் சாப்பாடும் சூழலும் வேறு. பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் பால் கொடுப்பதற்கும் வசதிக்கும் அப்படியொரு முடிச்சு இல்லை. இரண்டையும் 2011-இல் ஒப்பிட்டார்கள். எடை, ரத்த அழுத்தத் தொடர்பு பிரிட்டனில் தெரிந்தது, பெலோட்டாஸில் காணவில்லை. அறிவுத்திறனோடு உள்ள தொடர்போ இரண்டு இடத்திலும் நின்றது. எனவே பால் கொடுக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை, பி.பி.யை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. குறைமாதக் குழந்தைகள் மட்டும் தனிக் கணக்கு. தானமாகப் பெற்ற தாய்ப்பால் குடித்த அத்தகைய குழந்தைகளுக்குப் பதின்ம வயதில் ரத்த அழுத்தம் குறைவாக இருந்ததை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

எடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பவுடர் பால் டின்னைத் திருப்பிப் புரத அளவைப் பார்க்கலாம். ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் புரதம் அதிகமுள்ள பவுடர் பாலையும் குறைந்ததையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு வயதில் உடல்பருமன், அதிகப் புரதம் குடித்தவர்களில் 10 சதவீதம், மற்றவர்களில் 4.4. கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியம் என்று நம்பும் நம் வீடுகளில் இது எடுபடுவது கடினம்தான்.

டின்னை விற்கிறவர்களுக்கு நம் நாட்டுச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட குழந்தைப் பால்மாற்றுச் சட்டப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடர், புட்டி, குழந்தை உணவு எதற்கும் விளம்பரம் கூடாது. தாய்க்கு இலவச மாதிரி தரக்கூடாது. மருத்துவருக்கோ செவிலியருக்கோ பரிசு, கமிஷன் கூடாது. பவுடர் டின்னில் தாய், சேய் படமே போடக்கூடாது. விளம்பரம், இலவச மாதிரி, பரிசு பற்றிய தடைகளை மீறினால் மூன்று வருடம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐயாயிரம் ஒரு கம்பெனிக்குக் காப்பிச் செலவு என்பது வேறு விஷயம். பிரசவ வார்டில் யாராவது டின்னை நீட்டினால் படம் எடுத்து, தேதி குறித்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

“பால் பத்தலை” என்ற பேச்சில்தான் பல வீடுகளில் டின் நுழைகிறது. முதல் வாரம் கழிந்த பின் குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து எடையும் ஏறினால் பால் போதும். குறைவாகத் தோன்றினால் அடிக்கடி குடிக்கவிட வேண்டும்; குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். எடை ஏறவில்லையென்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் சொல்லிப் பவுடர் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

பால் நிற்பதற்கு இன்னொரு பெரிய காரணம் வேலை. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்த பெண்ணுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. திரும்பியபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வரலாம். வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு இவற்றில் ஒன்றும் கைக்கு எட்டுவதில்லை. அவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம் வரலாம், விடுப்பு வராது.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு எடுப்பது சட்டவிரோதம். அப்படி உத்தரவு வந்தால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.